கலங்கல் பியருக்குக் கம்பளம், கள்ளுக்குக் காறல்

மேனாட்டுப் பியர் கலங்கலாக இருந்தால் அதைக் கைவினை என்கிறார்கள். நம் மரத்துக் கள் கலங்கலாக இருந்தால் அழுக்கு என்கிறார்கள். சொல்பவர்கள் இருவரல்லர், ஒருவரே. இந்த இரட்டை நாக்கைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

அண்மையில் கற்பிட்டிக்குச் சென்றிருந்தேன். காற்றாடி கட்டிக் கடலில் சறுக்குவதற்காக உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து கூடும் இடம். இலண்டனிலிருந்து வந்திருந்த தமிழ் நண்பர் ஒருவர் 'ஹேஸி ஐபிஏ' என்ற பியர்த் தகரங்கள் இரண்டைக் குளிர்பெட்டியில் பத்திரப்படுத்திக் கொண்டு வந்திருந்தார். ஊற்றியதும் மாம்பழச் சாறு போன்ற மஞ்சட் கலங்கல். மாம்பழம், கொடித்தோடை, தோடம்பழத் தோல் என மணம் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தது. கசப்பு கடைசியில்தான் தலைகாட்டியது. நல்ல பியர்தான், அதில் எனக்கு ஐயமில்லை.

அதில் பழம் எதுவும் சேர்க்கப்படவில்லை. அந்த மணம் ஹொப்ஸ் எனும் கொடியின் பூவிலிருந்து பெரிதும் வருவது. நொதித்தல் நடக்கும்போதும் முடிந்த பின்னும் அந்தப் பூவைப் பெருமளவில் ஊற வைக்கிறார்கள். ஓட்ஸ், கோதுமை ஆகியவற்றின் புரதமும் பூவின் துவர்ப்புப் பொருளும் சேர்ந்து கலங்கலை உண்டாக்குகின்றன. அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்தில் வளர்ந்த இப்பாணியை அந்நாட்டு வடிப்பாளர் சங்கம் 2018இல் தனி வகையாக ஏற்றுக்கொண்டது. புதிதாகவே குடிக்க வேண்டும், வாரங்கள் கடந்தால் மணம் போய்விடும் என்று நண்பர் விளக்கினார். சொல்லும்போது அவர் குரலில் பக்தியே இருந்தது.

மறுநாட்காலை அவர் முன் தென்னங்கள் வைக்கப்பட்டது. முகத்தைச் சுளித்தார். "இந்தக் கலங்கல் தண்ணீரையா?" என்றார்.

அந்தக் 'கலங்கல் தண்ணீர்' எங்கிருந்து வருகிறது? வென்னப்புவ, மாரவில, சிலாபம் என நீளும் இக்கரை இலங்கையின் தென்னை முக்கோணத்தின் ஒரு பக்கம். 1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிறுவனம் இம்மாவட்டத்து லுணுவிலவில்தான் இருக்கிறது. விரியாத பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நாள்தோறும் நுனி சீவி முட்டி கட்டுகிறான் தொழிலாளி. வடியும் இனிப்பு நீரில் காற்றிலும் முட்டியிலும் உள்ள ஈஸ்ட்டும் பக்டீரியாக்களும் தாமாகவே வேலை தொடங்குகின்றன. சில மணி நேரத்தில் நுரை, இளம் புளிப்பு, கனிந்த பழ மணம். மேலும் வைத்திருந்தால் வினாகிரி. வடிகட்டாதது, உயிருள்ளது, புதிதாகக் குடிக்க வேண்டியது. தகரத்திலிருந்து வந்தபோது நண்பர் போற்றிய குணங்கள் இவையேதான். மரத்திலிருந்து வந்தபோது மட்டும் அவை எப்படிக் குற்றமாயின?

இந்த இளக்காரத்துக்கு வரலாறு உண்டு. ஐபிஏ என்ற பெயரின் முதலெழுத்து இந்தியாவைக் குறிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து கீழைத்தேயத்து வெள்ளையருக்காகக் கப்பலேறிய பியரின் பெயர் அது. அதே ஆட்சிதான் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டு வந்து, மரத்தில் கள் இறக்குவதையும் விற்பதையும் அனுமதிப்பத்திரத்துக்குள் அடக்கியது. அச்சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது.

அரசு மட்டுமா? நம்மவர் சாதியையும் சேர்த்துக் கொண்டனர். மரமேறுபவனைத் தாழ்த்தி வைத்தோம். உயிரைப் பணயம் வைத்து அவன் இறக்கியதைக் குடித்துக்கொண்டே அவனை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். தவறணைக்குப் போவது மானக்கேடு, விடுதி மதுக்கூடத்தில் அமர்வது நாகரிகம் என்ற பாகுபாடு அங்கே பிறந்தது. பானத்தின் சுவையை நாம் தீர்ப்பதில்லை, அதை இறக்கியவனின் பிறப்பைத் தீர்க்கிறோம்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் நிலைமை இன்னும் விசித்திரம். பனையை மாநில மரமாக வைத்திருக்கும் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறை மதுக்கடைகளை நடத்தி பியரும் பிராந்தியும் விற்கிறது. அயலிலுள்ள கேரளத்தில் கள்ளுக்கடைகள் சட்டப்படி இயங்குகின்றன. மது தீது என்பது கொள்கையானால் எல்லா மதுவும் தீதாக வேண்டும். ஆலையில் வடித்தது வருமானம், மரத்தில் வடிந்தது குற்றம் என்பது கொள்கையாகாது.

'குடியை ஊக்குவிக்கிறீரா?' என்று கேட்பீர்கள். இல்லை. குடி அழித்த குடும்பங்களைப் பத்திரிகைத் தொழிலில் நிறையவே கண்டவன் நான். குடிக்காமலிருப்பவரை வணங்குகிறேன். ஆனால் குடிப்பவர் எதைக் குடிக்கிறார் என்பதும் பொதுநலக் கேள்விதான். புதிய கள்ளில் மதுசாரம் பெரும்பாலும் நூற்றுக்கு 4 முதல் 6 வரை. சாராயத்தில் அதைப்போல் பல மடங்கு. மலிவான மெல்லிய பானத்தை எட்டாமற் செய்தால் ஏழை குடியை விடுவதில்லை, கசிப்பைத் தேடிப் போகிறான். கள்ளில் கலப்படம் நடக்கிறது என்பீர்களாயின், கலப்படக்காரனைப் பிடியுங்கள். மரத்தையும் மனிதனையும் ஏன் தண்டிக்கிறீர்கள்?

நான் கேட்பவை மூன்று. சீவல் தொழிலாளி தன் கையால் இறக்கியதைத் தானே விற்கச் சிறு கட்டணத்தில் எளிய அனுமதிப்பத்திரம் வேண்டும், கூடவே ஒழுங்கான தரப் பரிசோதனையும் வேண்டும். வரி மதுசாரத்தின் அளவுக்கேற்ப அமைய வேண்டும். கற்பிட்டிக் கரையில் உல்லாசப் பயணிகளை வரவேற்கும் விடுதிகள், அன்றைய கள்ளை அது இறக்கப்பட்ட ஊரின் பெயரோடு உணவுப் பட்டியலில் எழுத வேண்டும்.

புலம்பெயர்ந்த நண்பர்களிடம் நான்காவதாக ஒன்று. ஒரு தகரத்தை முகர்ந்து பத்துப் பழங்களின் பெயர் சொல்லத் தெரிந்த உங்களுக்கு, ஊர்க் கள்ளைப் பற்றிச் சொல்லவும் பத்துச் சொற்கள் கிடைக்காமற் போகாது. சுவைத்துப் பார்த்த பின், பிடிக்கவில்லையென்றால் தாராளமாகச் சொல்லுங்கள். சுவைக்கு முன்னே முகம் சுளிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள்.