இலவச மேட்ச் காலம் மலையேறிவிட்டதா? வத்தல்மலையிலிருந்து ஒரு ஒளிபரப்புக் கணக்கு

தர்மபுரி டவுனிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போனால் வத்தல்மலை. காபி, மிளகு, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள். பெரியூர், பால்சிலம்பு என்று அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குக்கிராமங்கள். அரசுப் பேருந்து மேலே வரத் தொடங்கியதே சில வருடங்களுக்கு முன்புதான். இப்படி நாலு வீடு இங்கே, பத்து வீடு அங்கே என்று சிதறிக் கிடக்கும் மலை ஊருக்குக் கேபிள் ஒயர் இழுப்பது எந்த ஆபரேட்டருக்கும் கட்டுப்படியாகாது. டிவி பார்க்க வேண்டுமென்றால் கூரை மேல் ஒரு தட்டு வைக்க வேண்டும். மாதாமாதம் ரீசார்ஜ் பண்ண முடியாதவர்களுக்கு இருப்பது ஒரே வழி, தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ். தட்டையும் செட்டாப் பாக்ஸையும் ஒருமுறை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் கிடையாது.

அந்தத் தட்டில் இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், டி20 மேட்ச் எல்லாம் வந்துவிடும். அது சட்டம். ஆனால் சேப்பாக்கத்தில் சிஎஸ்கே ஆடுகிறதா? உத்தரவாதம் இல்லை. உரிமை வைத்திருக்கும் நிறுவனம் மனசு வைத்து, தன்னுடைய இலவச சேனல் எதிலாவது ஒன்றிரண்டு மேட்ச் போட்டால் உண்டு.

ஒரே தட்டு, ஒரே கிரிக்கெட். ஒன்று உரிமையாகவும் இன்னொன்று சலுகையாகவும் ஆனது எப்படி?

காற்றலை யாருடையது?

கதை 1993-ல் தொடங்குகிறது. ஹீரோ கோப்பைப் போட்டிகளின் ஒளிபரப்பு உரிமையை வங்காள கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்றது. அதுவரை ‘நாங்கள் காட்டுவதே பெரிது’ என்றிருந்த தூர்தர்ஷனுக்கு அது அதிர்ச்சி. விவகாரம் நீதிமன்றம் போனது. ஈடன் கார்டன் அரையிறுதியில் கடைசி ஓவரை சச்சின் போட்டு தென்னாப்பிரிக்காவை மடக்கியதைப் பலரும் இன்றைக்கும் சொல்வார்கள். அந்தத் தொடர் டிவியில் வருமா வராதா என்பதே அப்போது வழக்காக இருந்தது என்பது பலருக்கு மறந்துபோச்சு.

1995 பிப்ரவரி 9-ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. காற்றலைகள் பொதுச் சொத்து, அதன் மீது அரசுக்கு ஏகபோகம் கிடையாது, பொதுநலனுக்காக ஒரு பொது அமைப்பு அதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது சாரம். தனியார் சேனல்களுக்கு இது பெரிய கதவைத் திறந்துவிட்டது. தீர்ப்பின் ‘அரசுக்கு ஏகபோகம் இல்லை’ என்ற பாதியை எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ‘பொதுச் சொத்து’ என்ற மறுபாதியை அவ்வளவு அக்கறையாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

பத்து வருடத்தில் பிரச்சினை தலைகீழானது. மேட்ச் தனியார் சேனலில் மட்டும் வந்தது, தூர்தர்ஷன் மட்டுமே தெரிகிற வீடுகள் இருட்டில் நின்றன. 2004-ல் இந்திய அணி பாகிஸ்தான் போனபோதும், 2007-ல் வெஸ்ட் இண்டீஸ் இங்கே வந்தபோதும் இதே சண்டை. கடைசியில் 2007-ல் விளையாட்டு ஒளிபரப்பு சிக்னல்களைக் கட்டாயமாகப் பகிரும் சட்டம் வந்தது. மத்திய அரசு ‘தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது’ என்று அறிவிக்கும் போட்டிகளின் நேரலை சிக்னலை, விளம்பரம் இல்லாமல் பிரசார் பாரதிக்குக் கொடுத்தாக வேண்டும். அதில் தூர்தர்ஷன் பிடிக்கும் விளம்பரப் பணத்தில் 75 சதவீதம் உரிமைதாரருக்கு, 25 சதவீதம் பிரசார் பாரதிக்கு. யாரும் தானமாக எதையும் கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பணம் கட்டினால் தெரியாது!

ட்விஸ்ட் 2017-ல் வந்தது. தூர்தர்ஷன் சேனல்களைக் கேபிள்காரர்கள் கட்டாயம் காட்ட வேண்டும் என்று இன்னொரு சட்டம் இருக்கிறது. அதனால் தூர்தர்ஷனுக்குப் போன மேட்ச் அப்படியே கேபிள் வீடுகளுக்கும் போனது. ‘அப்புறம் எங்கள் சேனலுக்கு எவன் பணம் கட்டுவான்?’ என்று உரிமைதாரர்களும் பிசிசிஐ-யும் வழக்குப் போட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பகிரப்படும் சிக்னல் தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்புக்கும் அதன் சொந்த டிடிஎச்-சான ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டுமே, கேபிளுக்கு இல்லை.

விளைவு விநோதமானது. ஒன்றுமே கட்டாத ஃப்ரீ டிஷ் வீட்டில் இந்தியா மேட்ச் தெரியும். அடிவாரத்தில் மாதாமாதம் அரசு கேபிளுக்குப் பணம் கட்டுகிற வீட்டில் ஸ்போர்ட்ஸ் சேனல் பேக் இல்லையென்றால் தெரியாது. போதாக்குறைக்கு, தீர்ப்பு சொன்ன இரண்டு வழிகளில் தரைவழி ஒளிபரப்பு கிட்டத்தட்ட முடிந்தே போனது. எல்லைப்புறம் போன்ற ஐம்பது இடங்கள் போக, மற்ற பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை 2022 மார்ச்சுக்குள் பிரசார் பாரதி மூடிவிட்டது. மொட்டைமாடி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி ‘இப்போ தெரியுதா?’ என்று கத்திய தலைமுறையின் கதை அங்கே முடிந்தது. இப்போது மிச்சமிருப்பது ஃப்ரீ டிஷ் மட்டும்தான். நாடு முழுக்க நாலு கோடிக்கும் அதிகமான வீடுகளில் அது இருக்கிறது என்பது துறையினர் மதிப்பீடு.

2018-ல் கேபிளையும் சேர்க்கும்படி சட்டத்தைத் திருத்த ஒரு வரைவு வெளியானது. வரைவாகவே நின்றுவிட்டது.

அட்டவணையை எழுதுவது யார்?

ஐபிஎல் அந்தத் தேசியப் பட்டியலில் இல்லை. அது கிளப் போட்டி, தேசிய அணி ஆடவில்லை என்பது வாதம். காகிதத்தில் சரிதான். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் தமிழ்நாட்டில் எந்த டீக்கடையிலாவது நின்று இந்த வாதத்தைச் சொல்லிப் பார்க்கலாம்.

2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. ஒரு மேட்சுக்குச் சுமார் 118 கோடி. இவ்வளவு கொட்டுகிறவர் சும்மா இருப்பாரா? ஆட்டம் ஏழரைக்குத் தொடங்குவது வீரர்களின் வசதிக்காக அல்ல, வீட்டில் எல்லோரும் டிவி முன்னால் உட்காரும் நேரம் அது என்பதால். ராத்திரி பதினொன்றைத் தாண்டி முடிகிற மேட்சை டவுனில் ஒரு கடை டிவியில் பார்த்துவிட்டு மலையேறுவது நடக்கிற காரியம் இல்லை.

யார் யாரோடு எத்தனை தடவை மோதுவது என்பதும் இப்படித்தான். 2022-ல் அணிகள் பத்தாகின. எல்லோரும் எல்லோரோடும் இரண்டு முறை ஆடினால் லீக் சுற்றே 90 மேட்ச் ஆகிவிடும். அதனால் ஐந்து ஐந்தாக இரண்டு குரூப். ஒவ்வொரு அணிக்கும் 14 ஆட்டம், ஐந்து அணிகளோடு இரண்டு முறை, நாலு அணிகளோடு ஒருமுறை. அந்த முதல் வருடம் சென்னையும் மும்பையும் வேறு வேறு குரூப். ஆனாலும் எதிர் குரூப்பில் ஒரே ஒரு அணியோடு மட்டும் இரண்டு முறை மோதலாம் என்ற விதியில், அந்த ஒரு அணியாக இருவரும் ஒருவருக்கொருவர் அமைந்தார்கள். 2024-ல் அந்த மோதல் ஒரே ஒரு தடவைதான், அதுவும் வான்கடேவில். சேப்பாக்கத்துக்கு மும்பை வரவே இல்லை. 2025-ல் மறுபடி இரண்டு. ரசிகனைக் கேட்டு எதுவும் நடப்பதில்லை.

உலகம் முழுக்க இதே போக்குதான். அமெரிக்காவில் கல்லூரி அணிகளின் ஃபுட்பால், பக்கத்துப் பக்கத்து மாநிலக் கல்லூரிகள் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து ஆடி வளர்ந்தது. 1915-ல் பிறந்த மேற்குக் கடற்கரைக் கூட்டமைப்பான பேக்-12, பெரிய டிவி ஒப்பந்தம் கிடைக்காமல் 2023-ல் சிதறியது. மிஞ்சியது இரண்டே அணிகள். லாஸ் ஏஞ்சலீஸ் கல்லூரி இப்போது லீக் மேட்சுக்காக நியூஜெர்சி வரை பறக்கிறது. நம் ஊர் கால்பந்திலும் டிவி, மார்க்கெட்டிங் உரிமைக்கு டெண்டர் விட்டு ஒருவரும் வராததால் 2025-ல் தொடங்க வேண்டிய ஐஎஸ்எல் சீசன் 2026 பிப்ரவரி வரை தள்ளிப்போனது. சென்னையின் எஃப்சி நடுவில் அணியின் வேலைகளையே நிறுத்திவைத்தது.

தூத்துக்குடி டு சேலம்

தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2016-ல் தொடங்கிய டிஎன்பிஎல்-லின் முதல் சாம்பியன் தூத்துக்குடியின் டூட்டி பேட்ரியாட்ஸ். இன்றைக்கு அந்த அணியைத் தேடினால் கிடைக்காது. அது சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆகிவிட்டது. காரைக்குடி காளை திருப்பூருக்குப் போய்விட்டது. தூத்துக்குடியில் அந்தக் கோப்பைக் கனவோடு இருந்த பையன் இப்போது யாருக்குக் கை தட்டுவான் என்று எந்த ஒப்பந்தத்திலும் ஒரு வரி இல்லை.

தர்மபுரிக்கு இதில் ஒரு லாபம், 65 கிலோமீட்டரில் ‘பக்கத்து ஊர் டீம்’ கிடைத்தது. வாழப்பாடி மைதானம் 2020-ல் திறக்கப்பட்டு, 2023-ல் டிஎன்பிஎல் ஆட்டங்களும் அங்கே நடந்தன. ஆனால் வத்தல்மலைக்காரர் மலையிறங்கி, தர்மபுரி, சேலம் தாண்டி வாழப்பாடி போய் ராத்திரி ஆட்டம் பார்ப்பது ஒருநாள் வேலையையே சாப்பிட்டுவிடும். அவருக்கு டிவிதான் மைதானம். அதே 2023-ல் டிஎன்பிஎல் வந்தது கட்டண ஸ்போர்ட்ஸ் சேனலிலும் ஃபேன்கோடு செயலியிலும்.

இதில் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் 2016 டிஎன்பிஎல்-லில் திண்டுக்கல் அணிக்குப் போட்ட யார்க்கர்கள்தான் அவரை வெளியே தெரியவைத்தன. அடுத்த வருடமே பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒரே தொடர்பயணத்தில் மூன்று வடிவத்திலும் அறிமுகமானார். நம்மைப் போல ஒருத்தன் அங்கே ஆடுகிறான் என்று பார்ப்பதற்கே முதலில் ஒரு திரை வேண்டும்.

‘எல்லாரும் போன்ல பாக்கறாங்களே?’

இந்தக் கேள்வி வரும். 2023, 2024 சீசன்களில் ஜியோசினிமா ஐபிஎல்-லை இலவசமாகவே ஓடவிட்டது. பஸ்ஸில், வயலில், ஹாஸ்டலில் எல்லோரும் பார்த்தார்கள். பிறகு இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒன்றாகி, 2025 பிப்ரவரி 14-ல் ஜியோஹாட்ஸ்டார் வந்தது. டிவி உரிமையும் டிஜிட்டல் உரிமையும் ஒரே கூரைக்குள். ஐபிஎல் சந்தாவுக்குப் பின்னால் போனது, குறிப்பிட்ட ரீசார்ஜ் போட்டால் 90 நாள் சேர்த்துக் கிடைத்தது. போட்டியாளர் இல்லாத கடையில் இலவசம் ரொம்ப நாள் நிற்காது.

சந்தா சமாளிக்கக்கூடியதுதான் என்று வைத்துக்கொண்டாலும், டேட்டா? மூன்றரை மணி நேர மேட்சைச் சுமாரான தெளிவில் பார்த்தாலே தினசரி 1.5 ஜிபி பேக் பாதியில் பல்லைக் காட்டிவிடும். மலையில் டவர் இருந்தாலும் வளைவுக்கு வளைவு சிக்னல் மாறும். கடைசி ஓவரில் சுற்றிக்கொண்டே நிற்கும் வட்டத்தை விடக் கொடுமை வேறில்லை.

2007 சட்டம் டிவிக்காக எழுதப்பட்டது, செல்போன் அதில் இல்லை. பிரசார் பாரதியிடம் 2024-ல் தொடங்கிய ‘வேவ்ஸ்’ செயலி இருக்கிறது. இன்டர்நெட்டே இல்லாமல் டிவி சிக்னலை நேராகப் போனுக்கு அனுப்பும் தொழில்நுட்பத்தை ஐஐடி கான்பூரோடு சேர்ந்து சோதித்துப் பார்த்திருக்கிறது. மலை ஊர்களுக்கு இரண்டாவது சரியாகப் பொருந்தும். ஆனால் அதற்கான சிப் போனில் இருக்க வேண்டும், செலவாகும் என்று போன் கம்பெனிகள் முரண்டு பிடிக்கின்றன. காட்டுவதற்கு உரிமையே இல்லாதபோது வழி இருந்து என்ன?

வாரியம் என்ன சொல்லும் என்பது தெரிந்ததுதான். உரிமைப் பணத்தில்தான் கீழ்மட்ட கிரிக்கெட் நடக்கிறது, இலவசமாகக் காட்டினால் ஏலத் தொகை விழும் என்பார்கள். இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறுக்க வேண்டாம். 74 மேட்சையும் இலவசமாகக் கேட்டால் அது நியாயமில்லை. ஆனால் இங்கிலாந்தைப் பார்க்கலாம். 2005 ஆஷஸுக்குப் பிறகு அங்கே உள்நாட்டு டெஸ்ட் எல்லாம் கட்டண சேனலுக்குப் போனது. வாரியத்துக்குப் பணம் வந்தது. ஆனால் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் வீட்டு டிவியிலிருந்தே காணாமல் போனது. 2019 உலகக் கோப்பை இறுதிக்கு இங்கிலாந்து வந்தபோது, உரிமை வைத்திருந்த ஸ்கை நிறுவனமே இலவச சேனலோடு சிக்னலைப் பகிர்ந்தது. அதனால் அந்த நிறுவனம் மூழ்கிவிடவில்லை.

இங்கே கேட்க வேண்டியது ரொம்பப் பெரிய விஷயம் இல்லை. ஐபிஎல் பிளே-ஆஃப், இறுதி என்று சீசனுக்கு நாலே நாலு மேட்ச். அதே 75-க்கு 25 பங்கில் தூர்தர்ஷனுக்கு வரட்டும். டிஎன்பிஎல்-லின் வார இறுதி ஆட்டங்கள் தமிழ் வர்ணனையோடு டிடி தமிழில் நேரலையாக வரட்டும். இதற்கு டெல்லி கூடத் தேவையில்லை, தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் அடுத்த ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்.

ஐபிஎல்-லுக்கும் நடைமுறை சுலபம்தான். தேசிய முக்கியத்துவப் பட்டியலில் ஒரு போட்டியைச் சேர்க்க நாடாளுமன்றத்தில் புது மசோதா வேண்டாம், மத்திய அரசின் அறிவிக்கை போதும். இப்போதைய உரிமை 2027 சீசனோடு முடிகிறது. அடுத்த டெண்டர் வருவதற்கு முன்பே அறிவிக்கை வந்துவிட்டால், ஏலம் கேட்பவர்கள் அந்த நாலு மேட்சைக் கழித்துக்கொண்டே விலை சொல்வார்கள். டெண்டர் முடிந்த பிறகு கேட்டால் 2017 மாதிரி மறுபடியும் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கும்.