நஞ்சை நீக்குகிறார்களா, பணத்தை நீக்குகிறார்களா?

உடம்பில் பேய் புகுந்துவிட்டது என்று சொல்லி வேப்பிலை அடித்துக் காசு பறித்தது போதாதென்று, இப்போது உடம்பில் நஞ்சு புகுந்துவிட்டது என்று சொல்லிக் காசு பறிக்கும் ஒரு வியாபாரம் கிளம்பியிருக்கின்றது. இதற்கு ‘டிடாக்ஸ்’ என்று பெயர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து அசந்து வரும் தொழிலாளியும், ஆவடியில் அடுப்பு வேலை முடித்து மின்சார ரயிலுக்கு ஓடும் பெண்ணும், பூந்தமல்லி பஸ்ஸில் நின்றுகொண்டே போகிறவரும் கைப்பேசியைத் திறந்தால் இந்த விளம்பரந்தான்.

முதலில் மூன்று மாதச் சூரணம். பால் கூடாது, கோதுமை கூடாது, புளி கூடாது, முட்டை கூடாது. இடையிடையே பேதி. மாதங்கள் செல்லச் செல்லச் சோர்வு அதிகமாகின்றது; முன்பு சாப்பிட்டதும் வயிற்றில் தங்குவதில்லை. கேட்டால், “நஞ்சு வெளியேறும் அறிகுறி, இன்னும் மூன்று மாதம் சாப்பிடுங்கள்” என்கிறார்கள். தேறினால் மருந்தின் மகிமை. தேறாவிட்டால் நஞ்சின் பிடிவாதம். மேலும் கெட்டால் பத்தியம் தவறிய நோயாளியின் குற்றம்! மழை பெய்தால் யாகத்தின் பலன், பெய்யாவிட்டால் மந்திரத்தில் பிழை என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

அந்த நஞ்சின் பெயர் என்ன? எந்தப் பரிசோதனையில் கண்டார்கள்? மருந்துக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு? உண்மையான நஞ்சுக்குப் பெயரும் உண்டு, அளவும் உண்டு. பழைய பாட்டரியை உருக்குகிற தொழிலாளியின் உடம்பில் ஈயம் ஏறினால், ரத்தத்தில் மைக்ரோகிராம் கணக்கில் அளந்து, தேவைப்பட்டால் அதற்கென்றுள்ள மருந்தை டாக்டர் கொடுத்து, மறுபடியும் அளப்பார். பெயரும் அளவும் இல்லாத நஞ்சு, ஆளில்லாத பேய்தான்.

மற்றபடி, கழிவை நீக்கும் வேலையை ஈரலும் மூத்திரக் காய்களும் கூலி கேட்காமலே செய்கின்றன. மூத்திரக் காய்கள் மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. இதில் வேடிக்கை என்னவென்றால், 2004-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவில் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய, தெற்காசியாவில் செய்யப்பட்ட 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில், 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. நஞ்சை நீக்க வந்ததே நஞ்சைக் கொண்டுவந்தால், அதை நீக்குவது யார்?

இது நம் நாட்டுப் பைத்தியம் மட்டுமல்ல. லண்டனில் சர் ஆர்புத்நாட் லேன் என்ற பெரிய சத்திர வைத்தியர், குடலில் தேங்கும் நஞ்சே சோர்வுக்குக் காரணம் என்று பலருடைய பெருங்குடலையே அறுத்தெடுத்தார். பிறகு அமெரிக்க டாக்டர்கள், மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்தாலும் அதே தலைவலியும் அசதியும் வருவதைக் காட்டினார்கள். பஞ்சில் நஞ்சேது? கொள்கை விழுந்தது, வியாபாரந்தான் விழவில்லை.

சோர்வு பொய்யென்று நாம் சொல்லவில்லை. மெய்யாக இருப்பதால்தான் அதன் மெய்க் காரணத்தைத் தேடச் சொல்லுகிறோம். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. இரும்புச் சத்துக் குறைந்தவளுக்கு முட்டையையும் நிறுத்திப் பேதியும் கொடுத்தால் சோர்வு வராமல் தெம்பா வரும்? பேதியோடு உப்பும் நீரும் போகின்றன. சோற்றைக் குறைத்தால் சதை போகின்றது. சிகிச்சையே நோயை வளர்க்கின்றது. பால் ஒத்துக்கொள்ளாமைக்கும் நஞ்சு தேவையில்லை. வளர்ந்தபின் பாலைச் செரிக்கும் சத்து குறைவது நம்மில் அநேகருக்கு இயற்கை. அவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும்.

ஆகையால் தோழர்களே, அடுத்த மாதச் சூரணத்துக்குப் பணம் கட்டுமுன் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு, ஈரல், மூத்திரக் காய் ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் இருமலும் ஜுரமும் இருந்தால் சளியையும் சோதியுங்கள். சாப்பிடும் சூரணத்தையும் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை மாத்திரையை எவர் சொன்னாலும் தாமாக நிறுத்தாதீர்கள். ஒத்துக்கொள்ளாத உணவை ஒவ்வொன்றாக நிறுத்தி, சில நாள் கழித்து மறுபடி சேர்த்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒருசேர நிறுத்தினால் எது காரணமென்று எப்படித் தெரியும்? இதைச் செய்யச் சூரணக்காரர் தயவு தேவையில்லை; “ஏன், எவ்வளவு, எப்படித் தெரியும்?” என்று கேட்கிற புத்தி இருந்தால் போதும்.