‘இஸ்’ ஒன்று, வேலை இரண்டு

ஆறாம் வகுப்பு ஆங்கில ஒர்க்ஷீட்டில் அடிக்கடி வரும் கேள்வி இது: ‘ஹெல்பிங் வெர்ப்’ எது என்று கோடிடுக, ‘லிங்கிங் வெர்ப்’ எது என்று வட்டமிடுக. கீழே இரண்டு வாக்கியங்கள்.

மை மதர் இஸ் எ நர்ஸ்.
மை மதர் இஸ் குக்கிங்.

இரண்டிலும் இருப்பது அதே ‘இஸ்’. பிள்ளை இரண்டுக்கும் கோடு போட்டுவிடும். ஒன்று தவறு என்று சிவப்பு மையில் திரும்பி வரும். “ஏன்மா தப்பு? ரெண்டும் இஸ்தானே?” என்று அது கேட்கும்போது, தமிழ் வழியில் படித்த அம்மாக்கள் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான்: “எனக்கு இங்கிலீஷ் கிராமர் எல்லாம் தெரியாதும்மா. டியூஷன் மிஸ்கிட்ட கேட்டுக்கோ.”

அந்தப் பதில் தேவையே இல்லை. இந்தக் கேள்விக்கான விடை, அந்த அம்மா பள்ளியில் படித்த தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது.

பட்டியல் செய்த குழப்பம்

பள்ளிகளில் 23 ஹெல்பிங் வெர்ப்களை ஒரு பட்டியலாக மனப்பாடம் செய்ய வைப்பதுண்டு. ‘ஆம், இஸ், ஆர், வாஸ், வேர், பீ, பீயிங், பீன்’ என்று எட்டு. ‘ஹேவ், ஹேஸ், ஹேட்’ மூன்று. ‘டூ, டஸ், டிட்’ மூன்று. ‘கேன், குட், ஷல், ஷுட், வில், வுட், மே, மைட், மஸ்ட்’ ஒன்பது. பட்டியலில் தவறில்லை. ஆனால் அதை ஒப்பிக்கும் பிள்ளை, ‘இஸ்’ என்றாலே ஹெல்பிங் வெர்ப்தான் என்று முடிவு கட்டிவிடுகிறது. சிக்கல் அங்கேதான்.

முதல் எட்டுச் சொற்களும் லிங்கிங் வெர்பாகவும் வரும். சொல்லை மட்டும் பார்த்து அது எந்த வகை என்று சொல்லவே முடியாது. அந்த வாக்கியத்தில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் சொல்ல முடியும்.

நம் ‘இரு’வைப் பாருங்கள்

“அம்மா வீட்டில் இருக்கிறார்.”
“அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார்.”

இரண்டிலும் ‘இருக்கிறார்’ உண்டு. முதல் வாக்கியத்தில் அது தானே நிற்கிறது. இருப்பதுதான் அங்கே செய்தி. இரண்டாவதில் செய்தி ‘வருவது’. ‘இருக்கிறார்’ அதற்குத் துணையாக ஒட்டிக்கொண்டு, வந்தாயிற்று, இப்போதும் இங்கேதான் என்று காட்டுகிறது. முன்னதை முதல்வினை என்றும் பின்னதைத் துணைவினை என்றும் தமிழ்ப் பாடத்தில் படித்திருப்போம். ‘படம் பார்’ என்பதில் முதல்வினையாக இருக்கும் ‘பார்’, ‘எழுதிப்பார்’ என்பதில் துணைவினை ஆவதும் இப்படித்தான்.

ஆங்கிலத்தின் ‘ஹெல்பிங் வெர்ப்’ என்பது இதே துணைவினைதான். ஒரே வேறுபாடு, அது நிற்கும் இடம். தமிழில் துணைவினை வாலாகப் பின்னால் வரும்: ‘சமைத்துக்கொண்டிருக்கிறார்.’ ஆங்கிலத்தில் அது முன்னால் வரும்: ‘இஸ் குக்கிங்.’ இங்கே உண்மையான வேலை ‘குக்கிங்’. அந்த வேலை இப்போது நடக்கிறது என்று சொல்லத்தான் ‘இஸ்’ துணைக்கு வந்திருக்கிறது.

தமிழுக்கு வேண்டாத பாலம்

லிங்கிங் வெர்ப் என்பது இணைக்கும் வினை. எழுவாயையும், அது யார், என்ன, எப்படி என்று சொல்லும் சொல்லையும் சேர்க்கும் பாலம். ‘மை மதர்’ இந்தக் கரை, ‘எ நர்ஸ்’ அந்தக் கரை, நடுவில் ‘இஸ்’.

தமிழில் இந்தப் பாலம் இல்லாமலே கடந்துவிடலாம். “என் அம்மா நர்ஸ்” என்றால் வாக்கியம் முடிந்தது. இதற்குப் பெயர்ப் பயனிலை என்று பெயர். எழுவாய்க்குப் பின் ஒரு பெயர் வந்து முடிவதையும், ஒரு பண்பு வந்து முடிவதையும், வினை வந்து முடிவதையும் தொல்காப்பியம் தனித்தனியாக எண்ணிக் காட்டுகிறது. இன்றைய ஒர்க்ஷீட் கேட்பதும் கிட்டத்தட்ட இதே பிரிவைத்தான். ‘இஸ்’ஸுக்குப் பின் பெயரோ பண்போ வந்தால் லிங்கிங். வினை வந்தால் ஹெல்பிங்.

தமிழில் இல்லாத பாலம் என்பதால்தான் நம் பிள்ளைகள் சில நேரம் ‘மை மதர் நர்ஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது கவனக்குறைவு அல்ல. தமிழில் சரியாக யோசித்ததன் விளைவு. “தமிழில் பாலம் வேண்டாம், இங்கிலீஷில் கட்டாயம் வேண்டும்” என்று ஒருமுறை சொன்னால் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

தமிழுக்கும் சில இடங்களில் இது தேவைப்படும். “பாட்டி டீச்சராக இருந்தார்” என்று பழைய கதை சொல்லும்போது ‘இருந்தார்’ வந்துவிடுகிறதே! அங்கே அது செய்வது ‘வாஸ்’ செய்யும் அதே வேலைதான்.

கண்டுபிடிக்க மூன்று கேள்விகள்

ஒன்று: ‘இஸ்’ஸை எடுத்துவிட்டுச் சமக்குறி போட முடிகிறதா? அம்மா = நர்ஸ். சரியாக வருகிறது, லிங்கிங். அம்மா = சமைத்தல்? வரவில்லை, ஹெல்பிங்.

இரண்டு: ‘இஸ்’ஸுக்கு அடுத்து நிற்பது ஒரு செயலா? ‘குக்கிங்’, ‘ரீடிங்’ என்று நடந்துகொண்டிருக்கும் செயல் வந்தாலோ, ‘தி கேக் வாஸ் ஈட்டன் பை தி கேட்’ என்பதில் உள்ள ‘ஈட்டன்’ போலச் செயப்பாட்டு வினை வந்தாலோ, அது ஹெல்பிங்.

மூன்று: அடுத்த சொல்லுக்கு முன் ‘வெரி’ போட முடிகிறதா? இரண்டாவது கேள்வி ஏமாற்றும் இடத்தில் இது கைகொடுக்கும். ‘தி ஸ்டோரி இஸ் இன்ட்ரஸ்டிங்’ என்பதில் ‘இங்’ இருக்கிறது. அதனால் ஹெல்பிங் என்று தோன்றும். ஆனால் ‘வெரி இன்ட்ரஸ்டிங்’ என்று சொல்ல முடியும். எனவே அது கதையின் தன்மை. ‘இஸ்’ அங்கே லிங்கிங். ‘வெரி குக்கிங்’ என்று யாரும் சொல்வதில்லை.

‘ஷி இஸ் இன் தி கிச்சன்’ என்று இடம் வந்தால்? பள்ளி இலக்கணம் பெரும்பாலும் இதையும் லிங்கிங்கில் சேர்க்கும். சிலர் முதல்வினை என்பார்கள். பின்னால் வேறு வினை இல்லாததால், நிச்சயம் அது ஹெல்பிங் இல்லை.

சாம்பார் சொல்லும் பாடம்

லிங்கிங் வெர்ப் என்பது ‘இஸ்’ குடும்பம் மட்டுமல்ல. ‘சீம், பிகம், லுக், டேஸ்ட், ஸ்மெல், ஃபீல், சவுண்ட்’ போன்றவையும் இந்த வேலையைச் செய்யும். இவற்றிலும் ஒரே சொல் இரண்டு வேடம் போடும்.

தி சாம்பார் டேஸ்ட்ஸ் குட்.
அம்மா டேஸ்ட்ஸ் தி சாம்பார்.

இரண்டாவதில் அம்மா கரண்டியில் எடுத்து ருசி பார்க்கிறார், அது செயல். முதலாவதில் சாம்பார் எதையும் ருசி பார்க்கவில்லை. அது எப்படி இருக்கிறது என்பதுதான் செய்தி. எனவே அங்கே ‘டேஸ்ட்ஸ்’ லிங்கிங் வெர்ப். சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் ‘இஸ்’ போட்டுப் பாருங்கள். ‘தி சாம்பார் இஸ் குட்’ பொருந்துகிறது. ‘அம்மா இஸ் தி சாம்பார்’ என்றால் அம்மாவே சாம்பார் ஆகிவிடுவார்!

தெரிந்து என்ன பயன்?

“பரீட்சைக்கு ஒரு மார்க். வேறு என்ன?” என்று கேட்கலாம். பேச்சில்தான் இதன் பயன் அதிகம்.

தமிழில் “அழகாகப் பாடினாள்” என்கிறோம். “அழகாக இருக்கிறாள்” என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் அதே ‘அழகாக’. ஆங்கிலம் அப்படி விடாது. செயல் எப்படி நடந்தது என்றால் ‘ஷி சாங் பியூட்டிஃபுலி’. ஆள் எப்படி இருக்கிறாள் என்றால் ‘ஷி லுக்ஸ் பியூட்டிஃபுல்’. லிங்கிங் வெர்புக்குப் பின்னால் எழுவாயின் தன்மையைச் சொல்லும்போது அந்த ‘லி’ வராது. ‘தி ரோஸ் ஸ்மெல்ஸ் ஸ்வீட்’ என்பதுதான் சரி, ‘ஸ்வீட்லி’ அல்ல. ரோஜா எதையும் முகர்ந்து பார்க்கவில்லையே!

அடுத்து, இன்டர்வியூக்களில் காதில் விழும் ‘ஐ ஆம் அக்ரீ’. ‘நான்’ என்றதும் ‘ஐ ஆம்’ என்று வாய் பழகிவிட்டதால் வரும் பிழை இது. ‘அக்ரீ’ என்பதே ஒரு வினை, ‘சம்மதிக்கிறேன்’. பெயரோ பண்போ அல்ல என்பதால் ‘ஆம்’ லிங்கிங் ஆக முடியாது. ‘அக்ரீயிங்’ என்ற வடிவில் இல்லாததால் ஹெல்பிங்காகவும் அங்கே நிற்க முடியாது. இரண்டு வேலையும் இல்லாத ‘ஆம்’ வெளியேற வேண்டியதுதான். ‘ஐ அக்ரீ’ போதும். ‘ஐ ஆம் நோ’, ‘ஐ ஆம் ஹேவ்’ எல்லாம் இதே கணக்குத்தான்.

‘ஆர் யூ லைக் காஃபி?’ என்று விருந்தாளியைக் கேட்பதும் இதே வகை. ‘லைக்’ இங்கே வினை. கேள்வியாக்க அதற்குத் துணை வர வேண்டியது ‘டூ’. ‘டூ யூ லைக் காஃபி?’ என்று கேட்க வேண்டும்.

இருவரும் ஒரே வாக்கியத்தில்

‘ஷி ஹேஸ் பீன் இல்.’ அவர் உடல்நலம் இல்லாமல் இருக்கிறார். இதில் ‘இல்’ என்ற தன்மையோடு அவரை இணைப்பது ‘பீன்’, அது லிங்கிங். அந்த ‘பீன்’னுக்குத் துணை நிற்பது ‘ஹேஸ்’, அது ஹெல்பிங். ‘தி டீ வில் பீ ஹாட்’ என்பதிலும் அப்படியே. ‘வில்’ ஹெல்பிங், ‘பீ’ லிங்கிங்.

‘ஹேவ்’, ‘டூ’ இரண்டும் தனியாக நின்றால் என்ன? ‘ஐ ஹேவ் எ சைக்கிள்’ என்பதில் ‘ஹேவ்’ துணையும் அல்ல, பாலமும் அல்ல. ‘என்னிடம் உண்டு’ என்று முழுப் பொருள் தரும் முதல்வினை. ‘ஐ ஹேவ் ஈட்டன்’ என்றால்தான் துணைவினை.

ஆசிரியர்களே வாதாடும் இடம் ஒன்றும் இருக்கிறது. ‘தி டோர் இஸ் குளோஸ்டு.’ கதவு மூடிய நிலையில் இருக்கிறது என்று கொண்டால் லிங்கிங். ‘பை தி வாட்ச்மேன் எவ்ரி நைட்’ என்று சேர்த்தால், தினமும் நடக்கும் செயல் ஆகிவிடும், அப்போது ஹெல்பிங். இப்படிப்பட்ட வாக்கியத்தில் மார்க் குறைந்தால், எந்தப் பொருளில் விடை எழுதினோம் என்று மிஸ்ஸிடம் எடுத்துச் சொல்லப் பிள்ளையைப் பழக்குங்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

கீழே உள்ளவற்றைப் பிள்ளையோடு உட்கார்ந்து பிரியுங்கள்.

1. தே ஆர் அவர் நெய்பர்ஸ்.
2. ஹி வாஸ் வெயிட்டிங் அட் தி பஸ் ஸ்டாண்ட்.
3. தி மில்க் டர்ண்ட் சோர்.
4. தி சில்ட்ரன் ஹேவ் பீன் வெரி கொயட்.
5. டூ யூ டூ யோகா?

விடைகள்: முதலாவது லிங்கிங்; அவர்கள் = அண்டை வீட்டார். இரண்டாவது ஹெல்பிங், செயல் ‘வெயிட்டிங்’. மூன்றாவதில் ‘டர்ண்ட்’ லிங்கிங். பால் எங்கும் திரும்பவில்லை, புளித்துப் போனது. நான்காவதில் ‘ஹேவ்’ ஹெல்பிங், ‘பீன்’ லிங்கிங். ஐந்தாவதில் முதல் ‘டூ’ ஹெல்பிங், இரண்டாவது ‘டூ’ முதல்வினை.

பிள்ளை எங்காவது தடுமாறினால் அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். ‘கொண்டிருக்கிறார்’ என்று வால் நீண்டால் துணைவினை. பெயரோடு நின்றுவிட்டாலோ, ‘ஆக இருக்கிறது’ என்று முடிந்தாலோ பாலம். இந்தச் சோதனையைச் சொல்லித்தர இங்கிலீஷ் மீடியத்தில் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. தமிழ் நன்றாகத் தெரிந்த அம்மாவோ அப்பாவோ தாத்தாவோ பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.