மேன்முறையீடு இரண்டாவது விசாரணையா?

மாணவர்களே, நீதிமன்றங்களின் படிநிலையை நீங்கள் மனனம் செய்திருப்பீர்கள். ஆனால் குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்ற ஒருவர் அப்படிகளில் எவ்வாறு ஏறுகிறார் எனக் கேட்டால், "வழக்கை மீண்டும் முதலிலிருந்து விசாரிப்பார்கள்" எனப் பலர் எழுதிவிடுகின்றனர். அது பிழையான விடை.

நீதவான் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மாகாண மேல் நீதிமன்றத்திற்கும், மேல் நீதிமன்றம் விசாரித்த வழக்கில் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்திற்கும் செல்லலாம். அங்கு வழமையாகச் சாட்சிகள் மீண்டும் கூண்டில் ஏறுவதில்லை. நீதியரசர்கள் முன்னுள்ளது வழக்கேடு மட்டுமே. சாட்சி தடுமாறியதையும் வியர்த்ததையும் நேரில் கண்டவர் முதல் நீதிபதிதான். ஆகவே, தீர்ப்பு சான்றுகளுக்கு ஒவ்வாததா, சட்டம் தவறாகப் பிரயோகிக்கப்பட்டதா, நீதி பிறழ்ந்ததா என்பனவே ஆராயப்படும். சிறிய தவறு இருந்தாலும், அதனால் பாரிய அநீதி நேரவில்லையெனில் மேன்முறையீடு தள்ளுபடியாகும். உயர் நீதிமன்றத்திற்குச் செல்ல முக்கியமான சட்டப்பிரச்சினையும் அனுமதியும் வேண்டும்.

மேன்முறையீடு தண்டனையைக் குறைக்கத்தான் என்று எண்ணாதீர்கள், கூடவும் கூடும். 2005 இல் இடம்பெற்ற ரோயல் பார்க் கொலை வழக்கில், மேல் நீதிமன்றம் 2006 இல் கொலையிலும் குறைந்த குற்றத்திற்கு 12 ஆண்டுச் சிறை விதித்தது. 2012 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைக் கொலையெனத் தீர்த்து மரண தண்டனை விதித்தது. 2014 இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதிப்படுத்தியது. 2019 இல் வழங்கப்பட்ட ஜனாதிபதி பொதுமன்னிப்பு வேறு விடயம். அது மேன்முறையீடு அன்று. அதையும் 2024 இல் உயர் நீதிமன்றம் செல்லுபடியற்றதாக்கியது.

எம்மை உறுத்துவது கால எல்லைதான். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைப்படி மேன்முறையீட்டிற்கு 14 நாட்களே உண்டு. வசதியுள்ளவரின் சட்டத்தரணி மறுநாளே மனுவைத் தயாரித்துவிடுவார். ஏழைக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. சிறையிலிருப்பவர் சிறை அதிகாரியிடமே தமது மேன்முறையீட்டை அறிவிக்கலாம். ஆனால் இவ்வழி இருப்பதை அவருக்கு யார் சொல்வது? தீர்ப்பு வாசிக்கப்பட்ட அன்றே, 14 ஆவது நாளின் திகதியை அவர் அறிந்த மொழியில் எழுதி ஒரு துண்டில் கையில் கொடுக்க வேண்டும் என்பதே எமது கருத்து. அதற்குப் பெருஞ் செலவும் இல்லை.