கமராவின் கண்ணும் சாரதியின் காலும்

கொழும்பு நகரின் வீதிகளிற் பொருத்தப்பட்டுள்ள கண்காணிப்புக் கமராக்களின் துணைகொண்டு, போக்குவரத்து விதிகளை மீறுவோரைக் கண்டறிந்து தண்டம் விதிக்கும் திட்டம் 2024 ஆம் ஆண்டு சனவரி 22 ஆந் திகதி பொலிசாரால் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்டது. இத்திட்டம் பற்றி இருவேறு கருத்துகள் நகரில் உலவுகின்றன. இயந்திரக் கண் இமைக்காது, கைக்குள் திணிக்கப்படும் தாளுக்கு மயங்காது, ஆளறிந்து சலுகை காட்டாது. ஆகவே சாரதிகள் இனித் திருந்திவிடுவர் என்பது ஒன்று. எங்கள் சனம் எதற்கும் திருந்தாது; கமரா உள்ள சந்தியில் நல்லபிள்ளையாக நடந்துவிட்டு அப்பாற் சென்றதும் பழைய குணத்தைக் காட்டும் என்பது மற்றையது. முன்னது பேராசை, பின்னது சோம்பல். இரண்டினுள்ளும் பின்னதே தீங்கு கூடியது. செய்யவேண்டியவற்றைச் செய்யாதிருப்பதற்கு அது நல்லதொரு சாட்டாக அமைந்துவிடுகின்றது.

அச்சாட்டை மறுப்பதற்கு நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. உறவினர் ஒருவரையேனும் இலண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ அனுப்பிவைக்காத வீடு வெள்ளவத்தையில் அரிது. இங்கே காலி வீதியில் இடப்புறமாக நுழைந்து முந்திச்சென்றவர், அங்கே ஆளரவமற்ற நள்ளிரவிலும் சிவப்பு விளக்கின் முன் காத்து நிற்கின்றார். அவரே விடுமுறையில் வந்து வாடகைக் காரொன்றைப் பெற்ற இரண்டாம் நாள், பாதசாரிக் கடவையில் நிற்கும் மூதாட்டியை ஹோர்ன் அடித்து விரட்டுகின்றார். விமானத்தில் ஏறி இறங்குவதற்கிடையில் ஒருவரது இயல்பு மாறிவிடுவதில்லை. செய்த பிழையின் பயன் தம்மைத் தவறாது வந்தடையும் என்ற எண்ணம் அங்கே இருந்தது, இங்கே இல்லை, அவ்வளவே. தண்டனையின் கடுமையிலும் அதன் நிச்சயமே குற்றத்தைத் தடுக்கவல்லது என இத்தாலிய அறிஞர் பெக்காரியா 1764 இலேயே எழுதிவைத்தார். இலங்கை ஆட்சியாளர்களோ கடுமையையே பெரிதும் நம்பிவந்துள்ளனர். 2016 ஆம் ஆண்டின் இறுதியில், சில குற்றங்களுக்கான ஆகக்குறைந்த தண்டத்தை 25,000 ரூபாவாக உயர்த்த வரவுசெலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டதும், தனியார் பஸ் சங்கங்கள் பணிப்புறக்கணிப்பில் இறங்கியதும் பலருக்கு நினைவிருக்கும்.

கமராவினால் விளையும் பயன் குறித்து ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. (வேகக் கமராவை ஆக்கிப் பெயர்பெற்ற ஒல்லாந்தர் மொறிஸ் கற்சோனிடஸ், 1953 இல் மொன்டே கார்லோ மோட்டார்ப் பந்தயத்தில் வென்ற ஓட்டவீரர் என்பதும், தமது வேகத்தை மேலும் கூட்டிக்கொள்ளும் நோக்குடனேயே அக்கருவியை முதலில் அமைத்தார் என்பதும் சுவையானவை.) 35 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2010 இல் வெளிவந்த கொக்ரேன் மதிப்பாய்வு, கமராக்களின் அயலில் உயிரிழப்பும் கடுங்காயமும் விளைவிக்கும் விபத்துக்கள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்திருந்தமையைக் கண்டது. இலண்டன் பொருளியற் கல்லூரியில் 2017 இல் வெளியான ஆய்வொன்று இன்னும் நுணுகிச் சென்றது. கமராவிலிருந்து 500 மீற்றருக்குள் விபத்துக்களும் மரணங்களும் தெளிவாகக் குறைந்தன. ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பாலோ அவை மீண்டும் தலைதூக்கின. எனவே, அப்பாற் சென்றதும் பழைய குணம் என்ற தெருப்பேச்சிலும் உண்மை இல்லாமலில்லை. ஆயின் அதிலிருந்து கமரா வீண் என்ற முடிவு பெறப்படமாட்டாது. அந்த 500 மீற்றருக்குள் ஒரு பாடசாலை வாயில் இருக்குமாயின் அங்கு தப்பும் உயிர்கள் உண்மையான உயிர்களே. எங்கே கமராவை நிறுத்துவது என்பதிலேயே எல்லாம் தங்கியுள்ளது.

இதனை மறந்த அரசுகள் வேறிடங்களிலும் உண்டு. தமிழர் பெருந்தொகையாக வாழும் ஒன்ராறியோவில், மாகாண அரசு வேகக் கமராக்களைப் பணம் பறிக்கும் கருவிகள் எனக் கூறி 2025 நவம்பர் 14 முதல் தடைசெய்தது. பாடசாலைகளின் அயலில் வேக வரம்பை மீறும் வாகனங்களின் பங்கு 45 சதவீதத்தாற் குறைந்தது என்று ரொறன்ரோ சிறுவர் மருத்துவமனையின் ஆய்வாளர்களும் அந்நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அதே ஆண்டில் எடுத்துக்காட்டியிருந்தும் அத்தடை வந்தது.

கொழும்பிலோ கமராக்கள் பெரும்பாலும் பிரதான சந்திகளை நோக்கியிருக்கின்றன. சிவப்பு விளக்கை மீறுவோரையும் கோட்டைத் தாண்டுவோரையும் அவை காணும், அது நன்றே. ஆனால் மாலை ஐந்து மணிக்கு வெள்ளவத்தைச் சந்தையடியில் ஊர்ந்து செல்லும் வாகனம் எவரையும் கொல்வதில்லை. வீதி வெறித்துக் கிடக்கும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் மரைன் டிரைவில் பறக்கும் வாகனமே கொல்கின்றது. கொட்டாஞ்சேனையின் நிலை வேறு. ஜம்பட்டா வீதியிலும் அதனோடு கூடும் ஒடுங்கிய தெருக்களிலும் லொறியும் முச்சக்கரவண்டியும் பாடசாலை விட்டுவரும் பிள்ளைகளும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றனர். சந்திக் கமரா அதனைக் காண்பதில்லை. நாட்டில் ஆண்டுதோறும் வீதி விபத்துக்களில் மாளும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோருள் மிகப் பலர் பாதசாரிகளும் மோட்டார் சைக்கிளோட்டிகளுமாவர் என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இடத்தினும் பெரிய குறை ஆளைப் பற்றியது. கமரா காண்பது வாகனத்தின் இலக்கத் தகட்டை. தண்டப் பத்திரம் செல்வது பதிவுபெற்ற உரிமையாளரின் வீட்டுக்கு. பெயர் மாற்றாமலே கைமாறிய வாகனங்கள் மலிந்த நாட்டில், என்றோ விற்ற காருக்காக இன்று பொலிசாருக்கு விளக்கம் கூறவேண்டியவர் உளர். இது எழுத்துவேலையாற் சீர்செய்யத்தக்கது. பஸ் வண்டியின் கதை அவ்வளவு எளிதன்று. 1958 இல் அரசுடைமையாக்கப்பட்ட பஸ் சேவையில் 1979 முதல் தனியார் மீண்டும் இடம்பெற்றனர். அன்று தொடக்கம் தனியார் பஸ் சாரதிகளிற் பெரும்பாலோர் மாதச் சம்பளம் பெறுவோரல்லர். அன்றன்றைய வசூலே அவர்தம் ஊதியத்தை நிர்ணயிக்கின்றது. பாணந்துறையிலிருந்து வரும் 100 ஆம் இலக்க பஸ்ஸும் மொறட்டுவையிலிருந்து வரும் 101 ஆம் இலக்க பஸ்ஸும் வெள்ளவத்தையில் ஒன்றையொன்று துரத்துவது வெறியினாலன்று. முந்திச் செல்பவருக்கே அடுத்த தரிப்பிடத்திற் காத்துநிற்கும் பயணிகள் கிடைப்பர். அத்தகைய சாரதிக்கு விதிக்கப்படும் தண்டத்தை உரிமையாளர் அவரது நாட்கூலியிற் கழித்துவிடுவாராயின், இழந்த தொகையை ஈட்டுவதற்கு அவர் மறுநாள் இன்னும் விரைந்தோட நேரும்; கமரா அவரது காலை வேகமுடுக்கியின் மீது மேலும் அழுத்திவைத்ததாகவே முடியும்.

இங்கே திருத்தப்படவேண்டியது கூலிமுறை. மாகாணத்துக்குள் ஓடும் பஸ்களுக்கு வழி அனுமதிப்பத்திரம் வழங்குவது மேல் மாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகாரசபையாகும். நிலையான சம்பளத்துக்குச் சாரதியையும் நடத்துநரையும் அமர்த்தாத உரிமையாளரின் அனுமதி புதுப்பிக்கப்படமாட்டாது என்ற நிபந்தனையை எழுதுவதற்கு ஒரு கமராவும் வாங்கவேண்டியதில்லை.