மூன்று பக்கக் குறிப்பு



அண்மையில் ஒரு மாலை வேளையில் ஒரு தாயும் அவர்தம் மகனும் பங்கு இல்லத்திற்கு வந்தனர். மகன் வணிக மேலாண்மை பயின்று, ஒரு நிறுவனத்தின் மார்க்கெட்டிங் துறையில் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. "இவன் ஒருவன் அங்கே இருப்பதே மேலிடத்தாருக்குத் தெரியவில்லை, சாமி. வாயுள்ள பிள்ளைகளெல்லாம் முன்னே போய்விடுகிறார்கள்" என்பது தாயின் மனக்குறை. மகனோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வணிகம் பற்றி நான் பெரிதாக அறிந்தவன் அல்லேன். எனினும், சோப்பு விற்கும் துறையில் கடைப்படியில் தொடங்கிய ஓர் இளைஞரைப் பற்றி முன்பு படித்தது நினைவுக்கு வந்தது. அதை அவர்களிடம் சொன்னேன், இங்கும் சொல்கிறேன்.

நீல் மெக்கெல்ராய் என்பவர் 1904-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் பிறந்தவர்; பெற்றோர் பள்ளி ஆசிரியர்கள். 1925-இல் ஹார்வர்டில் பட்டம் பெற்று, சின்சினாட்டி நகரிலுள்ள புரோக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் விளம்பரத் துறையில் சேர்ந்தார். ஹார்வர்டில் படித்தவருக்குக் கிடைத்த வேலை யாது? வரும் தபால்களைக் கவனிக்கும் எழுத்தர் வேலை! நம் வீட்டுப் பிள்ளைக்கு இது நேர்ந்திருந்தால் எத்தனை பெருமூச்சுகள் எழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சில ஆண்டுகளில் கேமே என்னும் வாசனைச் சோப்பின் விளம்பர வேலை அவர் கைக்கு வந்தது. அது எளிதான வேலையன்று. அதே நிறுவனத்தின் மூத்த பிள்ளை ஐவரி சோப்பு. 1879 முதல் விற்பனையில் இருப்பது; நீரில் மிதப்பது; 99.44 விழுக்காடு தூய்மையானது என்று விளம்பரம் செய்யப்பட்டது. 1926-இல் பிறந்த கேமேயோ வெளியே லக்ஸ் முதலான போட்டிச் சோப்புகளோடும், வீட்டுக்குள்ளேயே ஐவரியோடும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. பணமும் கவனமும் பெரும்பாலும் மூத்த பிள்ளைக்கே சென்றன. குடும்பங்களில் நாம் காணாததா இது?

1931 மே 13 அன்று மெக்கெல்ராய் ஓர் அலுவலகக் குறிப்பைத் தட்டச்சு செய்து மேலிடத்திற்கு அனுப்பினார். அப்போது அவருக்கு வயது 26. பொருளாதார வீழ்ச்சியால் அமெரிக்க நிறுவனங்கள் பல ஆட்குறைப்புச் செய்துகொண்டிருந்த காலம் அது. அவர் கேட்டதோ, கூடுதல் ஆட்கள்! நிறுவனத் தலைவர் ரிச்சர்ட் டியூப்ரீ, எந்தக் குறிப்பும் ஒரு பக்கத்துக்கு மேல் போகலாகாது என்னும் கொள்கையுடையவர். இவர் எழுதியதோ மூன்று பக்கம். (ஆயர் இல்லத்திற்கு மூன்று பக்கம் எழுதிப் பழகிய பங்குக் குருக்களுக்கு இந்த ஆபத்து புரியும்.)

அந்த மூன்று பக்கங்களில் என்ன இருந்தது என்பதில்தான் விஷயம் அடங்கியிருக்கிறது. தாம் இரவு பகலாக உழைத்ததாக அதில் அவர் எழுதவில்லை. ஐவரிக்காரர்களைக் குறை கூறவும் இல்லை. ஒரு சரக்குக்கென ஒருவர் பொறுப்பேற்றால் அவர் செய்ய வேண்டிய வேலைகள் யாவை என்று வரிசையாக எழுதினார். எந்தெந்த வட்டாரத்துக்கு எவ்வளவு சரக்கு போகிறது என்பதை அவர் கூர்ந்து ஆராய வேண்டும். நன்றாக விற்கும் இடத்தில் எந்த முயற்சிகள் சேர்ந்து பலன் தந்தன என்று கண்டறிந்து, அவற்றை ஒத்த மற்ற வட்டாரங்களிலும் செய்து பார்க்க வேண்டும். விற்காத இடத்திற்கோ தாமே நேரில் போய், கடைக்காரரிடமும் வாங்குவோரிடமும் பேசிக் கோளாறு எங்கே என்று காண வேண்டும். பின்னர்த் திட்டம் தீட்டி, செலவைக் கணக்கிட்டு, அத்திட்டம் பலித்ததா என்று மீண்டும் போய்ப் பார்க்க வேண்டும். யாரோ எழுதிய விளம்பர வாசகத்துக்குக் குற்றங்குறை சொல்வதோடு நில்லாமல், அந்தச் சரக்கின் விளம்பரத் திட்டம் முழுவதற்கும் பொறுப்பேற்க வேண்டும். இது இன்றுள்ள நிலையன்று, போதிய ஆட்கள் இருந்தால் அமையக்கூடிய நிலை என்பதையும் தொடக்கத்திலேயே ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

இதில் என்னைக் கவர்ந்தது ஒன்று. பொறுப்பைக் கேட்பவர், அதனோடு வரும் பழியையும் சேர்த்தே கேட்கிறார். விற்காவிட்டால் யாரைக் கேட்பது என்பதற்கு அந்தக் குறிப்பே விடை சொல்லிவிடுகிறது. புகழை விரும்பும் இளைஞர் பலர் இந்த இடத்தில்தான் பின்வாங்குவர். மேலும், ஆறு ஆண்டுகள் அந்தத் துறையிலேயே கிடந்த ஒருவரால்தான் இப்படி எழுத முடியும். சேர்ந்த ஆறாம் மாதத்தில் எழுதியிருந்தால் அது வெறும் அதிகப்பிரசங்கித்தனமாய் முடிந்திருக்கும்.

டியூப்ரீ அதைப் படித்தார்; ஏற்றுக்கொண்டார். நிறுவனத்தின் ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனியே பொறுப்பாளர் என்னும் முறை அங்கே வேரூன்றி, பின்னர் உலகெங்கும் பரவியது. இக்காலத்து நிறுவனங்களில் 'பிராண்டு மேனேஜர்' என்று அழைக்கப்படும் பதவி அந்த வழியில் வந்ததே. ஒரே நிறுவனத்தின் சோப்புகளே ஒன்றோடொன்று போட்டியிட்டுக்கொள்வதும் அதனோடு சேர்ந்து வந்தது. அது முற்றிலும் நன்மையே என்று நான் சொல்லமாட்டேன்.

மெக்கெல்ராய் 1948-இல் அந்நிறுவனத்தின் தலைவரானார். 1957 முதல் 1959 வரை அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சராகவும் இருந்தார். அவர் பாடுபட்ட கேமே சோப்பை அதே நிறுவனம், லக்ஸை விற்கும் யூனிலீவருக்கே விற்றுவிட 2014-இல் இசைந்தது என்பது வேறு கதை.

இவ்வளவும் கேட்டபின் அந்த இளைஞர் முதன்முறையாக வாய் திறந்தார். "எங்கள் மேலாளர் ஒரு பக்கம்கூடப் படிக்கமாட்டார், ஃபாதர். படித்தாலும் தம் பெயரைப் போட்டு மேலே அனுப்பிவிடுவார்" என்றார்.

நியாயமான பேச்சு. நல்ல குறிப்பு எழுதுவது மெக்கெல்ராயின் கையில் இருந்தது. நல்ல தலைவர் வாய்ப்பது அவர் கையில் இல்லை. இதற்கு என்னிடம் மறுமொழி இல்லை என்பதை ஒப்புக்கொண்டேன். ஆகவே வேறொன்று கேட்டேன்: "உங்கள் சரக்கு எங்கே விற்கவில்லை, தம்பி?"

"தேனிப் பக்கம் அறவே நகர்வதில்லை. ஏனென்று அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது."

"நீ போய்ப் பார்த்தாயா?"

"இல்லை, ஃபாதர். யாரும் போகச் சொல்லவில்லை."

சற்று நேரம் மூவரும் பேசவில்லை. பின்னர்த் தாய்தான் மகனைப் பார்த்துக் கேட்டார்: "தேனிக்குப் போய்வர பஸ்ஸுக்கு எவ்வளவுப்பா ஆகும்?"