காசுக்கு விதி எழுதுவது யார்?



மத்திய வங்கிகள் வெளியிடும் டிஜிட்டல் காசைப் பற்றிக் கதைச்சால் எங்கட கூட்டங்களில் ரெண்டு பதில்தான் வருது. "அது வலதுசாரிகளின்ர சதிக்கதை" என்பது ஒண்டு. "தனியார் வங்கியை விட அரசு பரவாயில்லைத்தானே" என்பது மற்றது. நைஜீரியாவைப் பார்த்தால் ரெண்டும் போதாது.

2020 ஒக்டோபரில் பொலிஸ் வன்முறைக்கு எதிராக அங்குள்ள இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். அதுதான் எண்ட்சார்ஸ் போராட்டம். அடுத்த மாதம், அதோடு தொடர்புடைய 20 தரப்புகளின் வங்கிக் கணக்குகளை முடக்க மத்திய வங்கி நீதிமன்ற உத்தரவு வாங்கியது. ஒரு வருசத்தில், 2021 ஒக்டோபரில், அதே மத்திய வங்கி ஈ-நைராவைக் கொண்டுவந்தது.

மக்கள் அதைப் பெரிதாகத் தொடவில்லை. பிறகு 2023 தொடக்கத்தில் பழைய தாள்களைத் திரும்ப எடுத்தார்கள், புதுத்தாள் போதவில்லை. சனம் வங்கி வாசலில் நாள்கணக்கில் நிண்டது. கடைசியில், பழைய தாளும் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது.

"கணக்கை முடக்க டிஜிட்டல் காசு தேவைப்படேல்லையே?" எண்டு கேப்பீங்கள். உண்மைதான். ஆனால் கணக்கு முடங்கினவனுக்குக் கையில தாள் மிச்சம் இருந்தது. அதுவும் போனால்?

இன்னொண்டு, இந்தக் காசுக்குள்ளேயே விதி எழுதலாம். 2020இல் சீனாவின் ஷென்ஜென் நகரில் குலுக்கலில் 50,000 பேருக்கு ஆளுக்கு 200 டிஜிட்டல் யுவான் குடுத்தார்கள். ஒரு கிழமைக்குள் செலவழிக்காவிட்டால் போச்சு. பரிசுக்கு அது பரவாயில்லை. அதே விதியை நிவாரணக் காசில் எழுதினால்?

அதுக்காக டிரம்பின் பாதை எங்கட பாதையில்லை. 2025 ஜனவரியில் அவர் அரசின் டிஜிட்டல் டொலரைத் தடுத்தார். அதே ஆணையில் தனியார் ஸ்டேபிள்கொயின்களுக்கு ஆதரவும் குடுத்தார். கடிவாளம் கைமாறினது, அவ்வளவுதான்.

ஆகவே சும்மா "வேண்டாம்" எண்டு நிக்காமல், நிபந்தனை வைப்போம். தாள்காசு சட்ட உரிமையாக இருக்கவேண்டும். சின்னச் சின்னக் கொடுக்கல் வாங்கலை யாரும் பின்தொடரக் கூடாது. எங்கட தரப்பைக் கேக்காமல் கணக்கை முடக்கக் கூடாது. காசுக்குள் விதி எழுதவே கூடாது. இது கனவில்லை: டிஜிட்டல் யூரோவுக்கான 2023 சட்டவரைவில் இந்தக் கடைசித் தடை ஏற்கெனவே இருக்கு.

என்ர அம்மா இப்பவும் சீட்டுக்காசைத் தாளாய்த்தான் எண்ணிக் குடுப்பா. பழைய பழக்கம் எண்டு நான் சிரிக்கிறனான். இப்ப சிரிக்கிறதில்லை.